துருவும் திணையும்: எண்ணூர் மாருதி 800 பழுதுகள் குறித்து ஓர் ஆய்வு

தமிழில் ஒன்றை ஆராய வேண்டுமென்றால் முதலில் அதன் திணையைச் சொல்லியாக வேண்டும். மரத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள், பறவைக்குச் சொல்லியிருக்கிறார்கள், பறைக்கும் யாழுக்கும்கூடச் சொல்லியிருக்கிறார்கள். காருக்குச் சொன்னவர் எவருமில்லை. இந்தப் பெருங்குறையைப் போக்கும்பொருட்டு, எண்ணூர், கத்திவாக்கம், எர்ணாவூர், விம்கோ நகர் வட்டாரத்தில் இன்றும் ஓடுகிற மாருதி 800 வண்டிகளையும், ஓடுவதாக வீட்டில் நம்பப்படுகிற மாருதி 800 வண்டிகளையும் நெய்தல் திணையில் சேர்த்து, அவற்றின் பழுதுகளை முதல், கரு, உரி என்று பகுத்துக் காட்டத் துணிகிறேன். நடுவழியில் நின்றுபோன வண்டி பாலையில் அல்லவா சேரும் என்று கேட்போர் உண்டு. அது திணை மயக்கம். தொல்காப்பியர் காலத்திலேயே அதற்குத் தடையில்லை.

முடிவைக் கடைசிப் பக்கம்வரை ஒளித்துவைக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. இந்த வட்டாரத்து மாருதிக்கு நோய் ஒன்றுதான்: துரு. ஸ்டார்ட்டிங் டிரபுள், பிரேக் ஜாம், லைட் மங்கல், ஓவர்ஹீட் என்று பில்லில் தனித்தனி வரியாக எழுதப்படுவதெல்லாம் பெரும்பாலும் அந்த ஒரே நோய் தங்கியிருக்கும் வெவ்வேறு முகவரிகள்.

முன்வரலாறு

எண்ணூருக்கும் சின்னக் காருக்கும் உள்ள உறவு மாருதிக்கு வெகுகாலம் முந்தையது. 1948-இல் ரகுநந்தன் சரண் அசோக் மோட்டார்ஸ் என்று மகன் பெயரில் ஒரு கம்பெனி தொடங்கினார். அடுத்த ஆண்டே எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி வெளியே அனுப்பினார்கள். 1955-இல் பிரிட்டனின் லேலண்ட் கம்பெனி உள்ளே வந்து பெயர் அசோக் லேலண்ட் ஆனது. காரை விட்டுவிட்டு லாரி, பஸ் என்று போய்விட்டார்கள். தொழில் வரலாறு எழுதுகிறவர்கள் இதற்கு லைசென்ஸ், அரசாங்கக் கொள்கை, முதலீடு என்று காரணம் அடுக்கக்கூடும். என் கருதுகோள் வேறு. ஆறு வருஷம் இந்தக் காற்றில் ஏ40 படும் பாட்டைப் பார்த்தவர்கள், இந்த ஊரில் செய்வதென்றால் தகடு கனமான வண்டியாகத்தான் செய்ய வேண்டும் என்று முடிவுகட்டியிருப்பார்கள். ஆதாரம் கேட்காதீர்கள். ஆதாரம் இருந்தால் அதை ஏன் கருதுகோள் என்று சொல்லப்போகிறேன்?

மாருதி பிறந்தது குர்கானில். 1983 டிசம்பர் 14 அன்று முதல் வண்டியின் சாவியை இந்திரா காந்தி எடுத்துக் கொடுத்தார். 796 சிசி, மூன்று சிலிண்டர், முன்சக்கர இழுவை, பன்னிரண்டு அங்குலச் சக்கரம். 1986-இல் உடம்பு மாறியது. மாருதி என்றதும் இன்று நம் மனசில் வரும் முகம் அந்த இரண்டாம் முகம்தான். 2000-ஐ ஒட்டி கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ வந்தது. 2010 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 விதி வந்தபோது சென்னை உட்பட 13 நகரங்களில் விற்பனையை நிறுத்தினார்கள். 2014 ஜனவரியில் உற்பத்தியே நின்றது. ஆகவே சென்னையில் புதிதாக வாங்கிய 800 என்றால், மிக இளையதற்கும் வயது பதினைந்து ஆகிவிட்டது.

இடையில் ஒரு சிறு செய்தி. 1987-இல் 500 மாருதிகள் ஹங்கேரிக்குக் கப்பலேறின. பனி உருகுவதற்காகக் குளிர்காலத்தில் அந்த ஊர்ச் சாலைகளில் உப்புத் தூவுவார்கள். வெயில் வந்ததும் நிறுத்திவிடுவார்கள். எண்ணூரில் தூவுகிற வேலையைக் கடலே எடுத்துச் செய்கிறது. லீவு போடுவதில்லை.

முதற்பொருள்

நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு, அதாவது பகலின் பிற்பகுதி என்பது உரைகாரர் கருத்து. ஏன் பிற்பகல், ஏன் விடியற்காலை இல்லை என்ற கேள்விக்கு விடை எண்ணூர் நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்தினால் கிடைத்துவிடும். தரை காய்ந்து அதன்மேல் உள்ள காற்று எழும்பிய பிறகுதான், அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வருகிறது. அது வருவதற்கு உச்சிப்பொழுதாகிவிடும். அலை உடைந்து தெறித்த உப்புத் துளிகளும் அதனோடு வருகின்றன. பானெட் மேல், கதவு இடுக்கில், வைப்பருக்குக் கீழே இருக்கும் ஜல்லடையில் அவை உட்காருகின்றன.

உட்கார்ந்த உப்பு சும்மா இருப்பதில்லை. ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சித் தானாகக் கரைந்துவிடும். கடலோரத்தில் ராத்திரியானால் ஈரப்பதம் அந்த அளவை எளிதில் தாண்டும். எனவே ஒரு சொட்டு மழை இல்லாத சித்திரை மாதத்திலும் வண்டி இரவு முழுக்க உப்புத்தண்ணீரில்தான் நிற்கிறது. காலையில் துடைக்கும்போது துணியில் பிசுபிசுவென்று வருவது அதுதான். பெரும்பொழுது ஆறும் நெய்தலுக்கு உரியவை என்று வகுத்த இலக்கணக்காரர் கடற்கரையில் வண்டி வைத்திருந்தவராகவே இருக்க வேண்டும்.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் என்று ஒன்று இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட நிறுவனம். துருவை ஆராய்வது அவர்களுடைய முக்கிய வேலைகளில் ஒன்று. மண்டபம் கடற்கரையில் இரும்புத் தகடுகளைச் சட்டத்தில் வரிசையாக மாட்டி, வெயிலிலும் காற்றிலும் விட்டு, எத்தனை மாதத்தில் எவ்வளவு எடை குறைகிறது என்று நிறுத்துப் பார்ப்பார்கள். இந்தியாவுக்கு ஒரு துரு வரைபடமே தயாரித்தவர்கள். எண்ணூர்வாசிகளும் இதே சோதனையைத்தான் செய்துவருகிறார்கள். செலவு மட்டும் சொந்தச் செலவு, தகட்டுக்கு நாலு சக்கரம் உண்டு, சோதனை நடக்கும்போது மனைவி மக்கள் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள்.

கடற்கரை என்றால் பெசன்ட் நகரும் கடற்கரைதானே என்று தெற்கே இருப்பவர்கள் சொல்லக்கூடும். எண்ணூரின் தனிச்சிறப்பு, உப்போடு புகை சேர்ந்தது. நிலக்கரி எரிந்து வரும் கந்தக டை ஆக்சைடு ஈரத்தில் கரைந்து அமிலமாகி உப்புக்குக் கைகொடுக்கிறது. 1970 வாக்கில் ஓடத் தொடங்கிய 450 மெகாவாட் எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017 மார்ச்சில் மூடிவிட்டார்கள். ஆனால் அத்திப்பட்டுப் புதுநகரில் வடசென்னை அனல்மின் நிலையம் இருக்கிறது, சாம்பல் குட்டை இருக்கிறது, காற்றும் இருக்கிறது. சாம்பல் செய்யும் கெடுதல் நுட்பமானது. கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் வடிவதற்காக அதன் அடி ஓரத்தில் சின்னச் சின்னத் துளைகள் விட்டிருக்கிறான், வண்டியை வடிவமைத்த ஜப்பான்காரன். சிமெண்ட் கம்பெனிகள் வாங்கிக்கொண்டு போகிற சரக்கு இந்தச் சாம்பல். துளைக்குள் இறங்கி ஈரம் பட்டால் இறுகிக்கொள்கிறது. அப்புறம் தண்ணீர் கதவுக்குள்ளேயே தேங்கும். பிரேக் போட்டால் சளக் என்று கதவு பேசும். தகடு உள்ளிருந்தே கரைந்துகொண்டு வந்து, ஒருநாள் வெறும் பெயிண்ட் மட்டும் கதவாக நிற்கும்.

கருப்பொருள்

விரிவாகச் சொல்ல இடமில்லை, சுருக்குகிறேன். தெய்வம் வருணன், மாற்றமில்லை. மக்கள்: மெக்கானிக், டிங்கர், பெயிண்டர், எலக்ட்ரீஷியன், லேத்காரர், இவர்களில் எவரிலும் சேராமல் எல்லார் வேலையையும் செய்யும் பையன். விலங்கு: வயர் கடிக்கும் எலி. பறை: சைலன்சர் ஓட்டை. யாழ்: தளர்ந்த ஃபேன் பெல்ட். உணவு: பெட்ரோல். 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்று தொடங்கிய மணலி சுத்திகரிப்பு ஆலை கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. அதனால் லிட்டருக்கு ஒரு பைசாகூடக் குறைந்ததில்லை. தொழில்: உப்பு விளைத்தல். உப்பளங்கள் அருகிவிட்டாலும் வண்டிக்கு அடியில் அந்தத் தொழில் தடையின்றி நடக்கிறது.

துருவின் வழி

துரு கண்ட இடத்தில் வருவதில்லை, அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ரன்னிங் போர்டு. பிறகு சக்கர வளைவின் உதடு. அப்புறம் பேட்டரி உட்காரும் தட்டு, ஸ்டெப்னி படுக்கும் பள்ளம், டிரைவர் கால் வைக்கும் ஃப்ளோர். கடைசியாக, முன்பக்க ஸ்ட்ரட்டின் தலை போய் உட்காரும் இடம். அங்கே துரு வந்துவிட்டால் அது பழுதில்லை, ஓலை.

டிங்கர் இதைக் கண்டுபிடிக்கும் முறையை எந்தப் பல்கலைக்கழகமும் கற்றுத்தராது. அவர் கையில் ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர் இருக்கும். வண்டியைச் சுற்றிவந்து அதன் பிடியால் ரன்னிங் போர்டைத் தட்டுவார். டங் என்றால் தகடு. தொப் என்றால் பட்டி. மூன்றாவது தட்டில் ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து முனையால் குத்துவார். அது சத்தமே இல்லாமல் உள்ளே போகும். வெளியே எடுத்து முனையில் ஒட்டியிருக்கும் செம்பழுப்புத் தூளை விரலில் தேய்த்து, நம் முகத்துக்கு நேரே நீட்டி, "பாரு சார்" என்பார். அந்த நேரத்தில் யாருக்கும் பேச்சு வராது.

பிறகு சுரண்டல். இங்கேதான் ஆய்வாளனுக்குத் தீனி. சுரண்டச் சுரண்ட அடுக்கடுக்காக வரலாறு வெளிவருகிறது. மேலே 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடித்த வெள்ளை. அதன் கீழே பட்டி. அதற்குக் கீழே பசையில் தோய்த்த ஃபைபர் துணி. அதற்கும் கீழே, ஓட்டைக்குள் பட்டி விழாமலிருக்க யாரோ திணித்த தினத்தந்தித் தாள். தாளில் தேதி இருக்கும். கார்பன் காலக்கணிப்பெல்லாம் வேண்டாம். இந்த ஓட்டையை முதலில் மூடியது எந்த ஆண்டு, எந்த மாதம் என்று துல்லியமாகச் சொல்லிவிடலாம். துரு நடந்துகொண்டிருக்கும் தகட்டின்மேல் பட்டி பூசினால் உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் வேலையை இன்னும் வேகமாகச் செய்யும் என்பது டிங்கருக்கும் தெரியும், வண்டிக்காரருக்கும் தெரியும். இருந்தும் பட்டிதான். காரணம் எளிது. கெட்ட தகட்டை வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க ஒரு வாரமும் ஒரு மாதச் சம்பளமும் வேண்டும். பட்டிக்கு ஒரு சாயங்காலம் போதும்.

கண்ணுக்குத் தெரியாத துரு வேறு. ஹேண்ட்பிரேக் போட்டு நாலு நாள் நிறுத்தினால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும், கேபிள் உறைக்குள் இறுகிக்கொள்ளும். ஆகவே இங்கே விவரம் தெரிந்தவர் எவரும் ஹேண்ட்பிரேக் போடுவதில்லை. கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வைத்துவிட்டுப் போவார்கள். எண்ணூரில் வீட்டு வாசலில் கருங்கல் கிடந்தால் அது கடலரிப்புத் தடுப்புக்கு வந்த கல் என்று நினைத்துவிட வேண்டாம். அது ஹேண்ட்பிரேக்காக இருக்கலாம்.

துருவுக்கு நாட்டு வைத்தியம் ஒன்றுண்டு: கழிவு ஆயிலை வண்டிக்கு அடியில் பீய்ச்சி அடிப்பது. பிசுக்கும் தூசியும் சேர்ந்து ஒரு தோலாகி உப்பைத் தகட்டில் பட விடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் பரவியபோது இந்தச் சிகிச்சை ஊருக்கே இலவசமாக நடந்தது. வண்டியோடு நிற்காமல் படகு, வலை, அலையாத்தி, வீட்டுச் சுவர் என்று எதற்கும் பாரபட்சம் காட்டவில்லை. அவற்றில் எதற்கும் துரு பிடிப்பதில்லை என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

எர்த் பற்றிய இயல்

ஹாரன் அடித்தால் ஹெட்லைட் மங்குகிறது. இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஒருமுறை அசைந்து நிற்கிறது. பிரேக் மிதித்தால் டேஷ்போர்டில் சம்பந்தமில்லாத விளக்கு எரிகிறது. இவற்றைப் பேய்க்கோளாறு என்று ஒரு சாராரும், பேட்டரிக் கோளாறு என்று மற்றொரு சாராரும் கூறுவர். இருவரும் தவறு. காரில் பேட்டரியின் நெகடிவ் முனைக்குத் தனி வயர் ஓடுவதில்லை. வண்டியின் உடம்புதான் அந்த வயர். உடம்பே துருவாகிவிட்டால் மின்சாரம் திரும்பிப் போக வழி தேடி, பக்கத்து விளக்கின் வழியாக, வைப்பர் மோட்டார் வழியாக என்று கண்டவர் வீட்டில் புகுந்து போகிறது. பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் எடுக்காமல் டக் டக் என்று மட்டும் சத்தம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியிலிருந்து உடம்புக்கும் கியர்பாக்ஸுக்கும் போகும் எர்த் பட்டையை. போல்ட்டைக் கழற்றி, எமெரித் தாளால் வெள்ளி தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினால் முடிந்தது. இந்த வேலைக்கு ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். இதைச் செய்யாமல் புது பேட்டரி வாங்கியவர்களின் எண்ணிக்கை தனி ஆய்வுக்குரியது.

கார்புரேட்டர் காலத்தவர்

எம்பிஎஃப்ஐக்கு முந்தைய வண்டிகளை இலக்கணக்காரர்கள் பழையன என்று ஒதுக்கினாலும், அவைதான் இன்று ரோட்டோரத்தில் சரிசெய்யக்கூடியவை. ஒரு பிளக் செத்தால் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும், வண்டி உதறும். எந்தப் பிளக் என்று பார்க்க மெக்கானிக் எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு பிளக் வயராகப் பிடுங்குவார். பிடுங்கியதும் எஞ்சின் சத்தம் தடுமாறினால் அந்த சிலிண்டர் உயிரோடு இருக்கிறது. பிடுங்கினாலும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் அதுதான் செத்தது. இல்லாததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் இருந்தபோதும் வேலை செய்யவில்லை என்று பொருள். அலுவலகங்களிலும் இந்த முறையைக் கையாளலாம் என்று பரிந்துரைக்கிறேன். பிளக்கின் இடைவெளியை அளக்க ஃபீலர் கேஜ் என்ற கருவி உண்டு. நம் ஆட்களுக்கு ஒடிந்த ஹேக்ஸா பிளேடு போதும்.

கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு நகராமல் நிற்கும்போது ஏசி பம்ப் எனப்படும் பெட்ரோல் பம்பும் பெட்ரோல் குழாயும் கொதித்து, உள்ளே பெட்ரோல் ஆவியாகி, கார்புரேட்டருக்கு வெறும் காற்றுதான் வரும். ஏர் லாக். மருந்து ஈரத்துணி. பம்பின் மேல் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். லாரி வரிசை நகர்வதற்குள் பம்ப் ஆறிவிடும் என்பதால் இதில் நேர இழப்பு எதுவும் இல்லை. புதிய தொல்லை, 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயையும் கேஸ்கட்டையும் ஊறவைத்து இளக்கும். மற்ற ஊர்களில் வெளியில் இருக்கும் ஈரத்தை எண்ணூரில் டேங்க்குக்குள்ளும் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வழி கிடைத்திருக்கிறது. டேங்க்கில் பொட்டு ஓட்டை விழுந்தால் குளியல் சோப்பை அழுத்தித் தேய்த்து அடைப்பதும், ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்தூள் போடுவதும் இங்கே பரவலாக அறிந்த முதலுதவிகள். இரண்டும் உண்மையிலேயே வேலை செய்யும், வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை.

'டைரக்ட்' கொள்கை

வடசென்னை மெக்கானிக் மரபு உலகுக்கு அளித்த தத்துவம் ஒன்று உண்டென்றால் அது டைரக்ட். ஒரு பாகம் கெட்டால் அதைச் சரிசெய்வதோ மாற்றுவதோ துவைத நிலை. அந்தப் பாகமே இல்லாமல் செய்துவிடுவது அத்வைதம். ரேடியேட்டர் ஃபேனைச் சூடு பார்த்துப் போடவும் நிறுத்தவும் ஒரு தெர்மோ ஸ்விட்ச் உண்டு. அது கெட்டதும், "டைரக்ட் குட்த்துட்டேன் சார், சாவி போட்டா சுத்தும்" என்று முடித்துவிடுவார்கள். தண்ணீர் சூடாகும்வரை ரேடியேட்டர் பக்கம் போகாமல் தடுத்து, 80 டிகிரியைத் தாண்டியதும் வழிவிடும் தெர்மோஸ்டாட் வால்வு இறுகிக்கொண்டால் அதற்கும் அதே கதி. கழற்றித் தூக்கி எறிந்துவிடுவார்கள். வால்வு இல்லாத எஞ்சின் சரியான சூட்டுக்கே வராமல் பெட்ரோலைக் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும் என்பது புத்தகவாதம். இது சென்னை, இங்கே எஞ்சினுக்குச் சூடேற்ற வால்வு எதற்கு என்பது பட்டறைவாதம்.

இருவரும் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். வால்வு ஏன் இறுகியது? ரேடியேட்டரில் கூலண்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றியதால். மீஞ்சூர், எண்ணூர்ப் பக்கம் நிலத்தடி நீருக்குள் கடல் ஏறியது பல பத்தாண்டுகளுக்கு முந்தைய கதை. அந்தத் தண்ணீரைக் கையில் எடுத்து வாயில் வைத்தால் துப்பிவிடுவோம். ரேடியேட்டரில் மட்டும் குடம் குடமாக ஊற்றுவோம். வெளியிலிருந்து காற்று தின்கிறதென்றால் உள்ளிருந்து தண்ணீர் தின்கிறது. நெய்தல் இருபுறமும் நின்று தாக்குகிறது. இந்த இடத்தில் கேலியை நிறுத்திவிட்டுச் சொல்கிறேன்: கூலண்ட் ஊற்றுங்கள், வால்வை விட்டுவைக்கச் சொல்லுங்கள்.

கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் இரண்டும் இழை இழையாகத் துருப்பிடித்து அறுபவை. கிளட்ச் மிதி நாளுக்கு நாள் கனக்கிறது என்றால் நாள் நெருங்கிவிட்டது. ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்தால், கார்புரேட்டர் வண்டியில் சோக்கை இழுத்து ஐடிலிங்கை ஏற்றி, உருட்டிக்கொண்டே வீடு சேரலாம். மாற்றுக் கேபிள் இரண்டையும் டிக்கியில் வைத்திருப்பவரே உண்மையான நெய்தல் நிலத் தலைவர்.

உரிப்பொருள்

நெய்தலின் உரி இரங்கலும் இரங்கல் நிமித்தமும். கரையில் நின்று வராதவனை எண்ணி வருந்துதல். பட்டறையில் விட்ட வண்டியை எண்ணி வருந்துதல் இதில் அப்படியே அடங்கும். தலைவி இடத்தில் வண்டிக்காரர். தோழி இடத்தில் பட்டறை வாசலில் டீக்கடை வைத்திருப்பவர்: "இன்னிக்கு எங்க சார், பானெட்டே தொறக்கல." அலர் தூற்றும் ஊராராக அக்கம்பக்கத்தார்: "இன்னுமா இத்த வெச்சிகினு கீறீங்க?"

மெக்கானிக்கின் கூற்றுகளை மூன்றாக வகைப்படுத்தலாம். "ஒண்ணியும் இல்ல சார்" என்றால் சில நூறு. "பிரிச்சுப் பாத்தாத்தான் சார் தெரியும்" என்றால் சில ஆயிரம். "வண்டிய ஏன் சார் குட்த்துட கூடாது?" என்றால், அவருடைய தம்பிக்கு ஒரு வண்டி தேவைப்படுகிறது. எண்ணூர் மெக்கானிக்கின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பாகம் வேண்டுமென்றால் புதுசுக்கு ஜிபி ரோடு, கழட்டுன சாமானுக்குப் புதுப்பேட்டை என்று பஸ் ஏறி அலைந்து, மாலை இருட்டும்போது கையில் ஒரு டிரைவ் ஷாஃப்டைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்து இறங்குகிறவர் அவர். ஒருமுறை அவரிடம் எஞ்சின் ஆயுள் பற்றி மிக விரிவாக விசாரித்தேன். "உப்புக் காத்துல நிறுத்திட்டு எஞ்சினப் பத்திக் கேக்குறியே சார். எஞ்சின் உன் பேரனுக்கும் ஓடும். அத்த எதுல வெச்சு ஓட்டுவே?" என்றார். என் முழு ஆய்வும் அந்தக் கேள்விக்கு எழுதிய உரைதான்.

கல்வெட்டியல் பின்னிணைப்பு

பதினைந்து வயதான வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்தால் ஐந்து வருஷம். 600 ரூபாயாக இருந்த இந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இருபது வயதைத் தாண்டிய கார்களுக்கு 2025-இல் 10,000 ஆக்கினார்கள். பல வண்டிகளில் கட்டணம், வண்டியின் மிச்சமிருக்கும் தகட்டு விலையை நெருங்கிவிட்டது. பதிவைப் புதுப்பிக்க சேசிஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுத்துத் தர வேண்டும். எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் மெல்லத் தேய்த்தால் எழுத்து தாளில் எழும்பும். கல்வெட்டுத் துறையார் மையொற்றுப்படி எடுக்கும் அதே கலை. ஆனால் ஆயிரம் வருஷத்துச் சோழர் கல்லில் எழுத்து தெளிவாக இருக்கும். இருபது வருஷத்து எண்ணூர்த் தகட்டில் நடு எண்கள் இரண்டு சிதைந்திருக்கும். அது 3-ஆ, 8-ஆ என்று வண்டிக்காரரும் ஏஜெண்டும் மொபைல் டார்ச்சை அடித்துக்கொண்டு தலையோடு தலை முட்டி நிற்கும் காட்சி, தமிழ்க் கல்வெட்டியலின் அறியப்படாத பக்கம்.

இன்னொரு சடங்கு புகைச் சான்றிதழ். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சைலன்சருக்குள் குழாய் விட்டு, கார்பன் மோனாக்சைடு வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நல்ல விதிதான், குறை சொல்வதற்கில்லை. அனல்மின் நிலையம், உரத் தொழிற்சாலை, சுத்திகரிப்பு ஆலை மூன்றின் காற்றும் வந்து கூடும் இடத்தில் நின்றுகொண்டு, 796 சிசி வண்டி ஊரைக் கெடுக்கவில்லை என்று கையெழுத்து வாங்குகிறோம். ஊர் வண்டியைக் கெடுக்கவில்லை என்று எதிர்ச் சான்றிதழ் எங்கே வாங்குவது என்று கேட்டால் கவுண்டரில் சிரிக்கிறார்கள்.

எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து, இப்போது காமராஜர் துறைமுகம், 2010 முதல் புதுக் கார்கள் வெளிநாட்டுக்குப் போகின்றன. முற்றத்தில் வரிசையாக நின்று, இந்தக் காற்றைச் சில நாள் சுவாசித்துவிட்டுக் கப்பலுக்குள் ஏறிப் போய்விடுகின்றன. கெட்டிக்கார வண்டிகள்.

இனி வாசகருக்கு ஒரு வார்த்தை. எண்ணூர் முகவரியுள்ள பழைய மாருதி விலைக்கு வந்தால் விற்பவர் பானெட்டைத் திறந்து எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவார். எஞ்சின் நன்றாகத்தான் இருக்கும், அதைப் பார்க்க வேண்டாம். டிரைவர் பக்கத்து மேட்டைத் தூக்கிப் பாருங்கள், ஸ்டெப்னியை வெளியே எடுத்துப் பள்ளத்தைப் பாருங்கள், ஸ்ட்ரட் உட்காரும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். வாங்கியே விட்டீர்கள் என்றால் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் வண்டியின் அடியைக் கழுவுங்கள். கதவின் அடித்துளையை ஊக்கு விட்டுக் குத்திவிடுங்கள். நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்டால், மெட்ரோ வாட்டர் லாரி வரும் நாளைத் தெருவில் விசாரித்துக்கொள்ளுங்கள்.